இணையக் கடையின் கதவு எத்தனை நொடியில் திறக்கிறது?

வாசலுக்கு வந்த வாடிக்கையாளரைக் காக்க வைக்கக் கூடாது என்பது வணிகத்தில் நாம் கற்கும் முதல் பாடம். கல்லாவில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், புதிதாக உள்ளே வந்தவரைப் பார்த்து "வாங்க அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவர் நின்றுவிடுவார். அந்த ஒரு வார்த்தை சொல்லக்கூட ஆளில்லாத கடை ஒன்றையும் இன்று நம்மில் பலர் நடத்தி வருகிறோம். அதுதான் நமது இணையதளம்.

விலைப்பட்டியல், சரக்கு இருப்பு, ஆர்டர் படிவம் என்று ஏதேனும் ஒன்றை இணையத்தில் வைத்திருக்கும் மொத்த வியாபாரிகள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சில்லறைக் கடைக்காரர் அதை எப்போது பார்க்கிறார்? இரவு பத்து மணிக்குக் கடை எடுத்து வைத்த பிறகு, அல்லது விடியற்காலையில் சந்தைக்குப் புறப்படும் முன், கையில் இருக்கும் சாதாரண செல்போனில் பார்க்கிறார். சிக்னல் ஒரு கோடு இருக்கும், இரண்டு கோடு இருக்கும். நம் பக்கத்தைத் தட்டுகிறார். திரை வெள்ளையாகவே நிற்கிறது. ஐந்து நொடி, எட்டு நொடி பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடுகிறார். பெருநிறுவனங்களின் ஆர்டர் செயலி அதே செல்போனில் பக்கத்திலேயே இருக்கிறது. "உங்கள் பக்கம் திறக்கவில்லை" என்று அவர் நமக்குப் போன் போட்டுச் சொல்லப் போவதில்லை. வாங்கியவர் கணக்கு பேரேட்டில் இருக்கும். வாசலோடு திரும்பிப் போனவர் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறாது. இந்த நஷ்டம் நம் கண்ணுக்குத் தெரியாமல் தொடர்வதற்குக் காரணம் இதுவே.

பக்கம் மெதுவாக இருக்கிறது என்று இணையதளம் அமைத்தவரிடம் சொன்னால், "புதிதாகவே செய்துவிடலாம்" என்ற பதிலும் அதற்கொரு மதிப்பீடும் வருவது பல உறுப்பினர்கள் கண்ட அனுபவம். லாரி மேடு ஏறவில்லை என்றால் முதலில் லோடைத்தான் எடை போட்டுப் பார்ப்போம். உடனே புது லாரி வாங்கப் போவதில்லை. இணையப் பக்கத்திலும் பெரும்பாலும் இரண்டு மூன்று பொருட்கள்தான் மொத்தத் தாமதத்துக்கும் காரணமாக இருக்கும். அவை எவை என்பதைக் கண்டுபிடிக்க புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எடை போடத் தெரிந்தால் போதும். அது நமக்குத் தெரியாததா?

ஒரு பக்கம் எப்படி வந்து சேருகிறது?

பார்ப்பதற்கு ஒரே பக்கமாகத் தெரிந்தாலும் அது ஒரே பொட்டலமாக வருவதில்லை. வாடிக்கையாளர் நம் முகவரியைத் தட்டியவுடன் அவரது செல்போன் முதலில் அந்த முகவரி எந்த சர்வருக்கு உரியது என்று விசாரிக்கிறது. பிறகு அந்த சர்வருடன் இணைப்பு ஏற்படுத்திக் கொண்டு பக்கத்தைக் கேட்கிறது. சர்வர் முதலில் அனுப்புவது ஒரு பட்டியல் மாதிரி. அதில் எழுத்துகளும், "இன்ன படம் இங்கே, இன்ன எழுத்துரு அங்கே, இன்ன புரோகிராம் அதற்கும் மேலே" என்ற குறிப்புகளும் இருக்கும். அதைப் படித்த பிறகுதான் செல்போன் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஆள் அனுப்புகிறது. சாதாரணமான ஒரு பக்கத்துக்கே ஐம்பது, எழுபது பொருட்கள் இப்படி வந்து சேர வேண்டியிருக்கும்.

இதில் சில பொருட்கள் வந்து சேரும்வரை மற்றவை எல்லாம் வாசலில் நிற்கும். பக்கத்தின் அலங்காரக் குறிப்புக் கோப்பும், தலைப்பகுதியில் சேர்க்கப்பட்ட சில புரோகிராம்களும் அந்த வகை. அவை வராமல் திரையில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. பருப்பு மூட்டைகள் எல்லாம் வந்து இறங்கியும், சாவி வைத்திருப்பவர் வராததால் கிட்டங்கி பூட்டியே கிடப்பது போன்ற நிலை அது.

யாஹூ நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவ் சவுடர்ஸ் என்ற பொறியாளர் 2007-இல் இதுபற்றி ஒரு நூல் எழுதினார். பயனாளர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை, சர்வர் முதல் பட்டியலை அனுப்பிய பிறகு நடக்கும் வேலைகளில்தான் செலவாகிறது என்பது அவர் கண்ட முடிவு. "சர்வரை மாற்றினால் சரியாகிவிடும்" என்று நம்மிடம் யாராவது சொன்னால், இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

எத்தனை நொடி நியாயமான நேரம்?

மனிதர் காத்திருக்கும் பொறுமைக்கு ஓர் அளவு உண்டு. ஜேக்கப் நீல்சன் என்ற அறிஞர் 1993-இல் வெளியிட்ட நூலில் 3 அளவுகளைக் குறிப்பிட்டார். 0.1 நொடிக்குள் நடந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும். செல்போனில் 3 நொடிக்கு மேல் ஆனால் 53 சதவீத வருகைகள் பாதியிலேயே கைவிடப்படுகின்றன என்று கூகுள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது.

2020-இல் கூகுள் நிறுவனம் 3 அளவுகோல்களை அறிவித்தது. முதலாவது, பக்கத்தின் மேற்பகுதியில் இருக்கும் மிகப்பெரிய படமோ எழுத்துப் பகுதியோ எப்போது கண்ணுக்குத் தெரிகிறது என்பது. இது 2.5 நொடிக்குள் இருந்தால் நன்று. 4 நொடியைத் தாண்டினால் மோசம். இரண்டாவது, விரலால் தட்டியதும் பக்கம் எவ்வளவு விரைவில் பதில் தருகிறது என்பது. இதற்கு இப்போது வழங்கும் அளவு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, 0.2 நொடிக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது, படிக்கும்போது பக்கம் மேலும் கீழும் குதிக்கிறதா என்பது. இதற்கான எண் 0.1-க்குள் இருக்க வேண்டும். நான்கு வருகைகளில் மூன்றுக்காவது இந்த அளவுகள் பொருந்தினால்தான் பக்கம் தேர்ச்சி பெறும்.

மூன்றாவது அளவைச் சிறு விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். துவரம் பருப்புக்கு எதிரே உள்ள பொத்தானை அழுத்த விரல் போகும் நேரத்தில், மேலே ஒரு படம் தாமதமாக வந்து இறங்கி எல்லா வரிகளையும் கீழே தள்ளிவிடுகிறது. விரல் உளுந்தின் மேல் விழுகிறது. பத்து மூட்டை மாறிப் போய், திரும்பி வந்து, லாரி வாடகை யார் தலையில் என்ற வழக்கில் முடிகிறது.

முதல் சோதனை: வாடிக்கையாளர் இடத்தில் நிற்பது

நம் அலுவலகத்தில், நல்ல கம்ப்யூட்டரில், வைஃபையில் பார்த்தால் எந்தப் பக்கமும் வேகமாகத்தான் தெரியும். மேலும், ஏற்கெனவே பார்த்த பக்கத்தின் படங்களையும் கோப்புகளையும் கம்ப்யூட்டர் தன்னிடமே சேமித்து வைத்திருக்கும். ஆகவே நாம் தினமும் பார்க்கும் வேகத்துக்கும், முதன்முதலாக வருபவர் பார்க்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவரின் சாதாரண செல்போனை வாங்குங்கள். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் வையுங்கள். குரோம் பிரவுசரில் மறைமுகப் பக்கம், அதாவது இன்காக்னிட்டோ ஒன்றைத் திறந்து நம் முகவரியைத் தட்டுங்கள். கையில் கடிகாரத்தோடு மூன்றை மட்டும் குறியுங்கள்: முதல் எழுத்து எப்போது தெரிந்தது, விலைப்பட்டியல் எப்போது தெரிந்தது, ஆர்டர் பொத்தான் எப்போது வேலை செய்தது. கடையில் ஒரு முறை, கிட்டங்கியின் உள்ளே ஒரு முறை, ஊருக்கு வெளியே ஒரு முறை என்று மூன்று தடவை பாருங்கள். இந்த ஒன்பது எண்களே நம் பக்கத்தின் உண்மையான நிலை.

இரண்டாவது சோதனை: இலவசப் பரிசோதனை

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசச் சேவை இருக்கிறது. அதில் நம் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் அறிக்கை வந்துவிடும். 100-க்கு மதிப்பெண் போடும். 90-க்கு மேல் நன்று, 50 முதல் 89 வரை தேற வேண்டியது, 50-க்குக் கீழ் மோசம். நடுத்தர விலை செல்போனில் மெதுவான 4ஜி இணைப்பில் பார்ப்பது போன்ற நிலையை உண்டாக்கிச் சோதிப்பதால், செல்போனுக்கான மதிப்பெண்ணையே நாம் பார்க்க வேண்டும்.

இந்த அறிக்கையில் இரண்டு பகுதிகள் உண்டு. மேலே இருப்பது கடந்த 28 நாட்களில் குரோம் பிரவுசரில் நம் பக்கத்தைத் திறந்த உண்மையான பயனாளர்களின் அனுபவம். வருகை குறைவாக உள்ள தளங்களுக்கு இந்தப் பகுதி காலியாகவே இருக்கும். நம்மில் பலருக்கு அப்படித்தான் வரும், அதனால் பயப்பட வேண்டாம். கீழே இருப்பது அப்போதே செய்யப்பட்ட சோதனையின் முடிவு. ஒரே பக்கத்துக்கு அடுத்தடுத்துச் சோதித்தாலும் மதிப்பெண் சற்று ஏறி இறங்கும். மூன்று முறை பார்த்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்வது சரியான முறை.

மதிப்பெண்ணைவிட அதற்குக் கீழே வரும் பட்டியல்தான் நமக்கு முக்கியம். எந்தப் படத்தில் எத்தனை கே.பி. குறைக்கலாம், எந்தக் கோப்பு மற்றவற்றை நிறுத்தி வைக்கிறது என்று பெயர் சொல்லியே காட்டிவிடும்.

மூன்றாவது சோதனை: ஒவ்வொரு மூட்டையாக எடை போடுதல்

இது கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது. குரோமில் நம் பக்கத்தைத் திறந்து விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள எஃப் 12 விசையை அழுத்துங்கள். பக்கவாட்டிலோ கீழேயோ ஒரு பலகை திறக்கும். அதில் ‘நெட்வொர்க்’ என்ற பகுதிக்குச் செல்லுங்கள். ‘டிசேபிள் கேச்’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். சேமித்து வைத்ததைப் பயன்படுத்தாமல் எல்லாவற்றையும் புதிதாகக் கொண்டுவரச் செய்யும். அருகிலேயே இணைப்பின் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். மெதுவான 4ஜியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பக்கத்தை மீண்டும் திறக்கச் செய்யுங்கள்.

இப்போது வந்து இறங்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு வரியாகப் பதிவாகும். நம் நாள்வழி ஏட்டைப் போலவே இருக்கும். பொருளின் பெயர், வகை, எடை, எடுத்துக்கொண்ட நேரம், கடைசியில் ஒரு கோடு. அடியில் மொத்தம் எத்தனை பொருட்கள், எத்தனை எம்.பி. என்ற கூட்டுத்தொகையும் உண்டு. ‘சைஸ்’ என்ற தலைப்பைத் தட்டினால் எடை வரிசைப்படி அடுக்கித் தரும். ‘டைம்’ என்பதைத் தட்டினால் நேர வரிசைப்படி தரும். முதல் ஐந்து வரிகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வழக்கு பெரும்பாலும் அந்த ஐந்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

கோடுகளைப் படிப்பதும் எளிது. முதல் வரியின் கோடே நீளமாக இருந்தால் சர்வர் தாமதம். முதல் பதில் 0.8 நொடிக்குள் வந்துவிட வேண்டும். ஒரு வரியின் மேல் தட்டி ‘டைமிங்’ பகுதியைப் பார்த்தால், சர்வருக்காகக் காத்திருந்தது எவ்வளவு, பொருளை இறக்கியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். இறக்கிய நேரம் நீளம் என்றால் பொருள் கனம். கோடு சிறியதாக இருந்தும் வெகு தாமதமாகத் தொடங்கினால், அது வேறு எதற்கோ காத்திருந்திருக்கிறது என்று பொருள்.

சந்தேகம் வந்த பொருளை உறுதிப்படுத்தவும் வழி உண்டு. அந்த வரியின் மேல் வலதுபக்க மவுஸ் பொத்தானை அழுத்தினால், அந்தப் பொருளை வரவிடாமல் தடுக்கும் வசதி கிடைக்கும். தடுத்துவிட்டு மீண்டும் திறந்து பாருங்கள். கிட்டங்கியில் அடிக்கடி ஃபியூஸ் போனால் எலக்ட்ரீசியன் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்ப்பார் அல்லவா, அதே முறைதான். எதைத் தடுத்தபோது பக்கம் சட்டென்று திறந்ததோ அதுவே காரணம்.

வழக்கமாகப் பிடிபடும் ஐந்து காரணங்கள்

1. படங்கள். பெரும்பாலான பக்கங்களில் முதல் காரணம் இதுதான். செல்போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 4,000 புள்ளி அகலமும் 3,000 புள்ளி உயரமும் கொண்டது. எடை 3, 4 எம்.பி. வரை வரும். ஒரு படம் 3.5 எம்.பி. என்று வைத்துக்கொண்டால் 12 படங்களுக்கு 42 எம்.பி. ஆகிறது. நொடிக்கு 4 மெகாபிட் வேகம் கிடைக்கும் இடத்தில், அதாவது நொடிக்கு அரை எம்.பி. இறங்கும் இடத்தில், இதற்கு 84 நொடி ஆகும். அதே படங்களை 800 புள்ளி அகலத்துக்குச் சுருக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை 25-இல் ஒரு பங்காகிவிடும். ஒன்று 80 கே.பி. என்றாலும் 12 படங்கள் ஒரு எம்.பி.க்குள் அடங்கும், 2 நொடியில் வந்து சேரும். பட்டியலில் மிளகாய் வற்றலின் நிறம் தெரிய அது தாராளமாகப் போதும்.

கூகுள் 2010-இல் அறிமுகப்படுத்திய வெப்பி வடிவத்தில் படத்தைச் சேமித்தால், ஜேபெக் வடிவத்தைவிட எடை 25 முதல் 34 சதவீதம் வரை குறையும் என்று அந்நிறுவனம் கூறுகிறது. திரைக்குக் கீழே இருக்கும் படங்களை, வாடிக்கையாளர் கீழே நகர்த்தும்போது மட்டும் கொண்டுவரும்படி ஒரு சொல்லைச் சேர்த்தும் அமைக்கலாம். ஆனால் முதலில் கண்ணில் படும் படத்துக்கு அதைச் செய்யக் கூடாது. செய்தால் தாமதம் கூடும். ஒவ்வொரு படத்துக்கும் அகல உயர அளவை முன்கூட்டியே குறிப்பிட்டுவிட்டால் பக்கம் குதிக்காது.

2. ஓடும் படக்காட்சியும் வீடியோவும். முகப்பில் ஐந்து விளம்பரப் படங்கள் மாறி மாறி ஓடும்படி அமைப்பது வழக்கமாகிவிட்டது. பார்ப்பவர் ஒன்றைத்தான் பார்ப்பார். ஐந்தையும் அவரது செல்போன் சுமக்க வேண்டும். வாடிக்கையாளர் தேடி வந்தது விலை. விலையை முதலில் வையுங்கள்.

3. பிறர் சரக்கு. வரைபடம், அரட்டைப் பெட்டி, சமூக வலைதளப் பொத்தான், விளம்பரக் கணக்கெடுப்பு ஆகியவை நம் சர்வரிலிருந்து வருவதில்லை. வேறு நிறுவனங்களின் சர்வரிலிருந்து வருபவை. அவர்கள் இடத்தில் தாமதம் ஏற்பட்டால் நம் கடைக் கதவு திறக்காது. தவிர, இவை பெரும்பாலும் புரோகிராம்கள். 300 கே.பி. படத்தைவிட 300 கே.பி. புரோகிராம் செல்போனுக்கு அதிக வேலை. இறக்கியதோடு முடியாமல், பிரித்துப் படித்து இயக்கவும் வேண்டும். விலை குறைந்த செல்போனில் இந்தச் சுமை நன்றாகவே தெரியும். வரைபடத்தை எடுத்துவிட்டு, "வரைபடம் பார்க்க" என்று ஓர் இணைப்பு மட்டும் கொடுத்தால் தேவைப்படுபவர் தட்டிக்கொள்வார்.

4. எழுத்துருவும் விலைப்பட்டியலும். அழகுக்காகத் தனித் தமிழ் எழுத்துரு சேர்த்திருந்தால், அது வரும்வரை குரோம் பிரவுசர் 3 நொடி வரைகூட எழுத்தைக் காட்டாமல் வைத்திருக்கும். இன்றைய செல்போன்களில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. அதையே பயன்படுத்தினால் போதும். தனி எழுத்துரு வேண்டும் என்பவர்கள், அது வரும்வரை செல்போனில் உள்ள எழுத்தைக் காட்டும்படி அமைக்கச் சொல்லலாம். விலைப்பட்டியலைப் புகைப்படமாகவோ ஸ்கேன் செய்தோ போடுவதும் பெரும் சுமை. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் பிடிக்கும் என்றாலும், 300 பொருட்களின் பெயரும் விலையும் எழுத்தாகவே இருந்தால் நூறு கே.பி.க்குள் அடங்கிவிடும். சர்வரில் சுருக்கி அனுப்பும் வசதியை இயக்கிவிட்டால் அதுவும் பல மடங்கு குறையும். எழுத்தாக இருந்தால் வாடிக்கையாளர் தேடவும் முடியும்.

5. சர்வரும் அதன் தூரமும். ஒவ்வொருவர் வரும்போதும் ஆயிரக்கணக்கான பொருட்களின் கணக்கைப் புதிதாகப் புரட்டி சர்வர் பக்கம் தயாரிக்குமானால் தாமதம் ஆகத்தான் செய்யும். விலை மாறும்போது மட்டும் தயாரித்து வைத்துக்கொண்டு, மற்ற நேரம் அதையே கொடுக்கும்படி அமைக்கலாம். சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்றும் கேளுங்கள். கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு இங்கிருந்து 13,000 கிலோமீட்டருக்கு மேல். கம்பி சுற்றிச் செல்வதையும் இடைநிலையங்களையும் சேர்த்தால் ஒரு முறை போய்வர 0.2 நொடிக்கு மேல் ஆகும். பாதுகாப்பான இணைப்பு ஏற்பட்டு முதல் எழுத்து வர மூன்று முறையாவது போய்வர வேண்டும். சர்வர் மும்பையிலோ சென்னையிலோ இருந்தால் இந்தச் செலவு பெருமளவு மிச்சம்.

யூடியூப் கண்ட விந்தை

ஒரு பக்கத்தின் எடையைக் குறைத்தபோது என்ன நடந்தது என்பதற்கு யூடியூப் நிறுவனத்தின் அனுபவம் சிறந்த சான்று. அங்கே பணிபுரிந்த கிறிஸ் ஸக்காரியாஸ் என்ற பொறியாளர் 2012-இல் இதை எழுதி வெளியிட்டார். வீடியோ பார்க்கும் பக்கம் அப்போது 1.2 எம்.பி. எடை இருந்தது. அதை அவர் 98 கே.பி.க்குக் கொண்டுவந்தார், வந்து சேர வேண்டிய பொருட்களும் 14 ஆகக் குறைந்தன. அதன் பெயர் ‘ஃபெதர்’, அதாவது இறகு. பயனாளர்களில் ஒரு பகுதியினருக்கு அதைக் கொடுத்துவிட்டுக் கணக்கைப் பார்த்தால், சராசரிக் காத்திருப்பு நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது!

காரணத்தைத் தேடியபோது உண்மை விளங்கியது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா போன்ற பகுதிகளிலிருந்து வருவோர் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்திருந்தது. பழைய பக்கம் அவர்கள் இடத்தில் திறக்க 20 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால் அவர்கள் வந்ததே இல்லை. புதிய பக்கம் 2 நிமிடம் பிடித்தாலும் வீடியோ ஓடியது. எனவே வரத் தொடங்கினார்கள். அவர்களது 2 நிமிடமும் சேர்ந்ததால்தான் சராசரி உயர்ந்தது. அதுவரை கணக்கில் இல்லாதிருந்தவர்கள் அப்போதுதான் கணக்கில் ஏறினார்கள்.

இது நமக்கு மிகவும் பொருந்தும். "வருகிறவர்கள் எல்லாம் குறை சொல்லவில்லையே" என்று நாம் இருந்துவிடலாம். குறை சொல்ல வேண்டியவர் உள்ளேயே வரவில்லை. சிக்னல் குறைந்த கிராமத்துக் கடைக்காரர், பழைய செல்போன் வைத்திருப்பவர், டேட்டா தீர்ந்து வேகம் குறைந்துபோனவர், இவர்களெல்லாம் நம்மைவிட்டால் வேறு மொத்தக் கடையைத் தேடுவார்கள். காலங்காலமாக நம் சரக்கை நம்பிக் கடை நடத்தியவர்களும் இவர்களே.

நம் நாட்டு நிறுவனங்களுக்கும் இந்தப் பயன் கிடைத்திருக்கிறது. எக்கனாமிக் டைம்ஸ் நாளிதழின் இணையதளம் மேலே சொன்ன அளவுகோல்களைச் சரிசெய்தபோது, வந்தவுடன் வெளியேறுவோர் விகிதம் 43 சதவீதம் குறைந்ததாக 2021-இல் தெரிவிக்கப்பட்டது. பேருந்து டிக்கெட் விற்கும் ரெட்பஸ் நிறுவனம், விரல் தட்டலுக்குப் பக்கம் பதில் தரும் நேரத்தைக் குறைத்ததில் விற்பனை 7 சதவீதம் உயர்ந்ததாக 2023-இல் அறிவிக்கப்பட்டது.

காசு கொடுக்கும் முன்

பரிசோதனை முடிந்து குறைகள் தெரிந்த பிறகு, வேலையை உரியவரிடம் கொடுக்கலாம். அப்போது கவனிக்க வேண்டியவை:

ஒன்று, "வேகமாக்கித் தருகிறேன்" என்ற வாய்மொழி வேண்டாம். எந்தப் பக்கம், எந்தச் சோதனையில், எத்தனை நொடியிலிருந்து எத்தனை நொடிக்கு என்று மதிப்பீட்டிலேயே எழுதி வாங்குங்கள். முகப்பு மட்டும் போதாது; விலைப்பட்டியல், ஆர்டர் படிவம் இரண்டையும் சேருங்கள்.

இரண்டு, ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற விடாதீர்கள். ஒரு மாற்றம், ஒரு சோதனை, ஒரு குறிப்பு என்று போக வேண்டும். படத்தைச் சுருக்கியதில் எவ்வளவு குறைந்தது, வரைபடத்தை எடுத்ததில் எவ்வளவு குறைந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை எதற்குக் காசு கொடுக்கலாம் என்பதும் தெரியும்.

மூன்று, தொடங்கும் முன் தளம் முழுவதையும் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நான்கு, புதிதாக எதைச் சேர்க்கச் சொன்னாலும் "இதன் எடை என்ன?" என்று கேளுங்கள். தீபாவளி விளம்பரம், பொங்கல் வாழ்த்து என்று சேர்த்தவை பண்டிகை முடிந்தும் அங்கேயே கிடப்பதால்தான் பல பக்கங்கள் ஆண்டுக்கு ஆண்டு கனக்கின்றன.

ஐந்து, மாதம் ஒரு முறை இருப்புக் கணக்கு எடுக்கும் நாளில் இந்தச் சோதனையையும் செய்துவிடுங்கள். தேதி, மொத்த எடை, பொருட்களின் எண்ணிக்கை, பட்டியல் தெரிய ஆன நொடி ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதினால் போதும். அரைமணி நேர வேலை. வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் பத்து நிமிடத்தில் செய்து கொடுத்துவிடுவார்கள்.

பெருநிறுவனங்களிடம் இதற்கென்றே சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் அவர்கள் இல்லை. ஆனால் நம் பக்கத்தில் இருக்க வேண்டிய பொருட்களும் சில நூறுதான். விலை, இருப்பு, ஆர்டர் என்ற மூன்றே வேலைதான். இவ்வளவு சிறிய பக்கத்தை வேகமாக வைத்திருப்பது அவர்களைவிட நமக்கு எளிது. வணிகப் பெருமக்கள் இந்த வாரமே ஒரு சாதாரண செல்போனை எடுத்து முதல் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். கிடைத்த எண்களையும் செய்த திருத்தங்களையும் சங்கக் கூட்டத்தில் மற்ற உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒருவர் கண்ட குறை மற்றவர்க்கும் பயன்படும் என்பதே எமது நம்பிக்கை.